காம்பராவும் வீடும்

டிக்கோயாவில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவரை 'எமது வீடு' என்னும் பொருளில் கட்டுரை வரையுமாறு ஒருமுறை பணித்தோம். முப்பத்துநான்கு பேர் எழுதித் தந்தனர். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் வீட்டின் முன்னே பூந்தோட்டம் இருந்தது. பின்னே கிணறு இருந்தது. வாசலில் மாமரம் நிழல் தந்துகொண்டிருந்தது. எழுதியவருள் மிகப் பெரும்பாலோர் லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவிலேயே வளர்பவர். பீலியில் முகம் கழுவிவிட்டு வகுப்புக்கு வருபவர். மாமரம் செழிக்காத இக்குளிர் மலையில் அவர்கள் கண்ட மாமரம் பாடநூலில் உள்ள மாமரமே. ஒரு மாணவி மாத்திரம் வேறுவிதமாக எழுதியிருந்தாள். ஒரே அறையில் யார் யார் எங்கெங்கே படுப்பார்கள், மழை பெய்தால் எவருடைய பாய் முதலில் நனையும், தான் உடை மாற்றுவதற்காகத் தகப்பனார் எத்தனை முறை இஸ்தோப்புக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பனவே அதில் இருந்தன. கொப்பியைத் தரும்போது, "இதை வாசிச்சுக் காட்டிடாதீங்க சேர்" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டாள்.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. மலையகத்துத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட விமரிசனங்களைத் திரும்பப் படிக்கும்போது, விமரிசகர்களாகிய நாமும் அந்த முப்பத்துமூன்று மாணவரைப் போலவே நடந்துகொண்டோமோ என்ற ஐயம் எழுகிறது. கூலியைப் பற்றிப் பேசினோம். குடியுரிமையைப் பற்றிப் பேசினோம். கங்காணியின் கொடுமையையும் துரையின் ஆணவத்தையும் பற்றிப் பேசினோம். இவை யாவும் பேசப்படவேண்டியவையே. ஆனால் இவையெல்லாம் வந்து கூடும் இடமான அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையைக் கதை நிகழும் பின்னணி என்று மட்டும் கொண்டு அப்பாற் சென்றோம். ஒரு மக்கட் கூட்டம் தான் குடியேறிய மண்ணோடு ஒன்றுவதற்கும் ஒன்றாமல் நிற்பதற்கும் அது வாழும் உறையுள் எத்துணைக் காரணமாகிறது என்ற கேள்வியை நம் விமரிசனம் கேட்கவில்லை. எழுத்தாளர் சிலரோ நமக்கு முன்னரே அதனைக் கேட்டிருக்கின்றனர்.

லயத்தில் வந்து குடியேறியவர் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர்ந்து வந்த உழவர்களும் பண்ணையாட்களும். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் தள்ளின. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் அவ்வோட்டத்தைப் பெருக்கிற்று. முதலில் கோப்பி, இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை. கோப்பிக் காலத்திற் பலர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் மீண்டனர். தேயிலையோ ஆண்டு முழுதும் ஆளைக் கேட்கும் பயிர். ஆகவே ஆளை நிறுத்திவைக்க ஒரு கொட்டகை தேவைப்பட்டது. முதுகோடு முதுகு சேர்ந்தும் ஒற்றை வரிசையாகவும் கட்டப்பட்ட அறைத்தொடர் அவ்வாறு உண்டாயிற்று. குடும்பம் தழைப்பதற்கென்று கட்டப்பட்டதன்று அது. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஆட்களைத் தாமதமின்றிக் கொண்டுசேர்ப்பதற்கென்று கட்டப்பட்டது. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் 'லயன்' ஆகி 'லயம்' ஆயிற்று. தமிழில் குதிரை கட்டும் இடத்தை லாயம் என்பர். இதனைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆயினும் இப்பொருத்தம் நெஞ்சை உறுத்தாமற் போவதில்லை.

இம்மண்ணில் காணி இழந்த உழவன் தமிழன் ஒருவன் மட்டுமல்லன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியனவாக்கி, பின்னர் அவை தோட்டக்காரர் கைக்குப் போக வழி திறந்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவன் தன் மேட்டுநிலத்தை இழந்து பள்ளத்தாக்கில் ஒடுங்கினான். ஊரை இழந்து வந்த ஓர் உழவனும் நிலத்தை இழந்து நின்ற ஓர் உழவனும் அண்டை அயலாயினர். எனினும் ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. லயம் தோட்ட எல்லைக்குள் நின்றது. அதற்குப் போகும் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். அந்நியர் உள்ளே வரத் துரையின் அனுமதி வேண்டும். தொழிற்சங்கத்தார் நுழைவதே ஒரு காலத்தில் குற்றமாயிருந்தது. இருவர்க்கும் இடையே மொழி வேறுபாடு இருந்தது உண்மை. ஆயின் மொழி வேறுபட்ட மக்கள் சந்தையிலும் கிணற்றடியிலும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொள்வது உலகெங்கும் நிகழ்வதே. பொதுவான கிணற்றடி இல்லாதபடி உறையுள் அமைக்கப்பட்டதே இங்கு நிகழ்ந்த கேடு.

இவ்வுண்மைகளை மனத்திற் கொண்டு நம் படைப்புகளை நோக்குவோம்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் வெளிவந்தது. ஊரின் கொடுமைக்குத் தப்ப வழியின்றித் தேயிலைத் தோட்டத்துக் கொடுமைக்குள் விழும் எளிய மக்களை அவர் அதிற் காட்டினார். தமிழ்ச் சிறுகதை இம்மக்களை ஏறெடுத்துப் பார்த்த தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று; அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு. ஆனால் அக்கதையில் தோட்டம் துன்பத்தின் குறியீடாக நிற்கின்றதே அன்றி மக்கள் வாழும் இடமாக நிற்கவில்லை. தூரத்திலிருந்து இரங்குபவனின் பார்வை அது. 1964இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' ஒரு படி முன்னே செல்கிறது. ஆசிரியை மலையகத்தில் வாழ்ந்தவர். ஊரை விட்டு வந்த பயணத்தையும், வந்தபின் தலைமுறைகள் கழிந்த விதத்தையும் நாவலுக்குரிய விரிவோடு அவர் சொல்கிறார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியைத் தலைப்பிலேயே வைத்தது பொருத்தமானது. ஆயினும் இந்நாவலின் சோகம் பெரும்பாலும் விட்டு வந்த ஊரை நோக்கியே திரும்பி நிற்பதாக நமக்குப் படுகிறது. வந்த இடத்தை ஊராக்கிக்கொள்ள முடியாமற் போனதற்கு எது தடையாயிற்று என்ற ஆராய்ச்சி அதில் இரண்டாம் இடமே பெறுகின்றது.

இக்கேள்வியை நேருக்கு நேர் நின்று கேட்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவருடைய நாவலின் தலைப்பு 'வீடற்றவன்'. இத்தலைப்பைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் வாழ்பவனுக்குத் தலைக்குமேல் ஒரு தகரம் உண்டு, அடுப்பு உண்டு, படுக்க இடம் உண்டு. பின் ஏன் அவன் வீடற்றவன்? வேலை இருக்கும்வரையே காம்பரா அவனுக்கு உரியது. சங்கம் அமைக்க முனைந்தால் வேலை போகும். வேலையோடு காம்பராவும் போகும். பட்டணத்துத் தொழிலாளி ஒருவன் வேலைநீக்கம் செய்யப்பட்டால் அன்று மாலை தன் குடிசைக்குத் திரும்பி மனைவியோடு கலந்து பேசலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஒரு மாலைப்பொழுதும் கிடையாது. முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருக்கும் இடத்தில் கூலிப் போராட்டம் குடும்பமே தெருவுக்கு வரும் போராட்டமாகிவிடுகிறது. இந்நாவலைத் தொழிற்சங்க நாவல் என்று பாராட்டி நிறுத்திக்கொண்ட விமரிசகர்கள், தலைப்பில் ஆசிரியர் சொல்லியிருப்பதைப் பாதியளவே படித்தனர் என்று கருதுகிறோம்.

வேலுப்பிள்ளை கற்பனையில் எழுதவில்லை என்பதற்கு வரலாறு சான்று. 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது மலைநாடு முழுவதும் வேலைநிறுத்தம் பரவிற்று. நிலமற்ற கிராமத்தவனுக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அதற்காக வேறோர் ஏழையின் உறையுளையே பறிக்கத் துணிந்ததில்தான் ஆட்சியாளரின் சூழ்ச்சி இருந்தது. இரு ஏழைகளையும் மோதவிட்டுப் பெருந்தோட்டக்காரர் அமைதியாக இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்மீது டெவன் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிர் நீத்தார். அவர் எதிர்த்து நின்றது தேயிலைச் செடி போய்விடுமே என்பதற்காக மட்டுமன்று. செடி போனால் வேலை போகும், வேலை போனால் கூரை போகும் என்பதை அங்கிருந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தது.

வேலுப்பிள்ளை காம்பராவை வெளியிலிருந்து, அதன் உரிமைப் பக்கத்திலிருந்து நோக்கினார் எனில், தெளிவத்தை ஜோசப் கதவைத் திறந்து உள்ளே சென்றார். அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதை, வளர்ந்த மக்களோடு ஒரே அறையில் இரவைக் கழிக்க நேர்ந்த கணவன் மனைவியின் அவலத்தைச் சொல்வது. இக்கதையைப் பற்றி நம் முற்போக்கு வட்டாரங்களிற் சிலருக்கு ஒருவகைக் கூச்சம் உண்டு. உழைக்கும் மக்களை இப்படிக் காட்டலாமா, இது அவர்களின் பெருமைக்கு இழுக்கன்றோ என்று கேட்பர். இக்கேள்வி நல்லெண்ணத்தில் எழுவதே. ஆயினும் தவறான கேள்வி. இழுக்கு அம்மக்களுடையதன்று, அந்தச் சுவரைக் கட்டியவனுடையது, இரண்டாவது சுவரைக் கட்ட மறுத்தவனுடையது. மானம் என்பது மனவுறுதியால் மட்டும் காக்கப்படுவதன்று. அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். தகப்பன் மகள் முகத்தைப் பார்க்கக் கூசும்படி ஓர் அறை செய்துவிடக்கூடும் என்பதை உரத்த குரலின்றிக் காட்டியமையே ஜோசப்பின் வெற்றி. எமது மாணவி தகப்பனார் இஸ்தோப்புக்கு எழுந்து போவதை எழுதியபோது அக்கதையைப் படித்திருக்கவில்லை. அவள் எழுதியதும் அதே உண்மைதான்.

இனி மாற்றுக் கருத்து ஒன்றையும் ஆராய வேண்டும். லயத்தைத் தூற்றுவது எளிது, ஆனால் அந்த வரிசைதான் இம்மக்களை ஒரு சமூகமாக்கியது என்று வாதிப்பவர் உளர். ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் பத்துக் காம்பராக்களில் அடுப்பு எரியாது. ஒருத்திக்குப் பேறுகால வலி கண்டால் லயமே விழித்திருக்கும். தப்பொலி கேட்டால் பணிய லயமும் மேட்டு லயமும் ஒன்றாய்த் திரளும். காமன் கூத்து அந்த வாசல்களிலேதான் உயிர் வாழ்ந்தது. சங்கமும் அங்கேதான் பிறந்தது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் நெருக்கத்தால் வந்த ஒற்றுமையை நெருக்கத்தின் நன்மை என்று கொள்வது பிழை. அவ்வொற்றுமை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டது. மேலும், பழைய நாளில் பெரிய கங்காணிமார் சாதி பார்த்து லயங்களைப் பகிர்ந்த வரலாற்றையும் மறைத்தல் ஆகாது. ஊரில் சேரி தனியாயிருந்தது போல இங்கும் சில லயங்கள் தனித்து நின்றன. ஊரை விட்டு வந்தவர் ஊரின் நோயை விட்டு வந்தாரில்லை. உறையுளின் ஒழுங்கு அந்நோய்க்கு இடமளித்தது. லயத்து வாழ்வைப் பாடும் கவிஞர் இதனையும் பாட வேண்டும்.

சமூக இணைவு என்று பேசுகிறோமே, அது எங்கே தொடங்குகிறது? முகவரியில் தொடங்குகிறது என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். லயத்து வீட்டுக்கு நீண்ட காலம் தெருப்பெயர் இல்லை, இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. வேலைக்கு விண்ணப்பித்த இளைஞனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்தபின் கிடைத்த கதைகளை இப்பகுதி ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அவ்வுறுப்பினர் அந்த வாக்காளரின் வாசலுக்கு ஒரு படிக்கட்டுக் கட்டித்தர முடியாது! அச்சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. குடியுரிமைச் சிக்கல் 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களாலும் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலும் ஒருவாறு தீர்ந்தது. காகிதத்தில் குடிமகனானான். ஆனால் குடி என்ற சொல்லுக்கு வீடு என்றும் பொருள் உண்டே. அந்தக் குடி அவனுக்கு வரவில்லை.

ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவர் நிலையையும் ஒப்புநோக்குவது பயனுள்ளது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்கென்றே அமைக்கப்பட்டன. மூதாதையர் மண்ணுக்குத் திரும்பியவர்க்கு அங்கும் கிடைத்தது தோட்டத்து வரிசை வீடு; அங்கும் வேலையோடு பிணைந்த வீடு; வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் எங்கே போவது என்ற அதே கவலை. இங்கே இந்தியாக்காரன் என்று பழிக்கப்பட்டவன் அங்கே சிலோன்காரன் என்று அழைக்கப்பட்டான். இரத்தமும் மொழியும் ஒன்றாயிருந்தும் இணைவு கைகூடவில்லை. இணைவுக்கு மொழியொருமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று ஒரு மாற்றம் நிகழ்ந்துவருகிறது. இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 தனி வீடுகள் கட்டும் பணி 2016இல் தொடங்கியது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் எமது டிக்கோயாவில் மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்துவைத்து நோர்வூட்டில் உரையாற்றியபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்பது அன்றைய திட்டமாயிருந்தது. மலைச்சரிவில் நீலக் கூரையும் சிவப்புக் கூரையுமாய்த் தனித்தனி வீடுகள் தோன்றும்போது மனம் மகிழ்வது இயல்பே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை உயிரோடு புதைத்த காட்சியை மறவாதவர் எவரும் பாதுகாப்பான ஒரு வீட்டை இகழார். ஆபத்தான நிலம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் அம்மக்களுக்குப் போக வேறு நிலம் இருக்கவில்லை. ஏனெனில் எந்த நிலமும் அவர்களுடையதாய் இருக்கவில்லை.

எனினும் விமரிசகன் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. லயங்களில் வாழ்வோரின் தொகையோடு ஒப்பிட்டால் வீடுகள் எழும் வேகம் மிகக் குறைவு. கட்டி முடிந்த வீடுகளிலும் காணி உறுதி கைக்கு வராமற் காத்திருந்தவர் பலர். உறுதியில்லாத வீடு அகலமான காம்பராவே அன்றி வேறில்லை. அடுத்து, இவ்வீடுகள் எங்கே கட்டப்படுகின்றன? பெரும்பாலும் தோட்டத்துக்கு உள்ளேயே, தேயிலைக்கு உதவாத சரிவிலே. பாதை அதே தோட்டப் பாதை. சுற்றிலும் அதே மக்கள். கிராமத்தையும் பட்டணத்தையும் நோக்கி ஒரு பொதுப் பாதையும், இரு மொழிப் பிள்ளைகளும் கூடும் ஒரு விளையாட்டிடமும், ஒரு சந்தையும், நூலகமும் இல்லாதபோது, வரிசையைக் கலைத்து மற்றொரு வரிசையைச் சற்றுத் தள்ளித் தள்ளி அடுக்கியதாகவே முடியும். இளைஞரோ இதற்குக் காத்திராமல் கொழும்புக்குப் போய்விட்டனர். புறக்கோட்டைக் கடைகளில் வேலை பார்த்து, வத்தளை, மட்டக்குளிப் பகுதிகளில் நால்வர் ஐவராய் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வாழ்கின்றனர். காம்பரா அவர்களைப் பின்தொடர்ந்து நகர்ப்புறம் வரை வந்துவிட்டது. 'எந்த ஊர்?' என்று கேட்டால் தோட்டப் பெயரைச் சொல்லாமல் ஹற்றன் என்றோ கண்டி என்றோ சொல்லிவிடுகின்றனர். நூறு முகவரிகளில் ஒன்றையேனும் கூச்சமின்றிச் சொல்ல முடியாத நிலையில் ஓர் இளைஞனை வைத்திருக்கும் சமூகம், அவன் தன்னோடு இணையவில்லை என்று குறை கூற உரிமையற்றது.

இந்த மாற்றத்தைப் படைப்பிலக்கியம் போதிய அளவு கையிலெடுத்ததாக நமக்குத் தோன்றவில்லை. லயத்தின் துயரை எழுதுவதில் நம் எழுத்தாளர் கைதேர்ந்துவிட்டனர். அது ஒரு வாய்பாடாகிவிடும் அபாயமும் இருக்கிறது: மழை, அட்டை, கங்காணி, கண்ணீர். புது வீட்டுக்குப் போன மகனும் லயத்திலேயே தங்கிவிட்ட தாயும். முதன்முதலாகத் தனியறை கிடைத்த பெண்பிள்ளை. வேலி எங்கே போடுவது என்று பக்கத்து வீட்டோடு மூண்ட சச்சரவு. இரவில் இருமினால் கேட்பாரில்லையே என்ற முதியவரின் அச்சம். உறுதிப் பத்திரத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் தகப்பன். கீழேயுள்ள சிங்களக் கிராமத்தவனோடு முதன்முதலாகத் தண்ணீர்க் குழாயைப் பங்கிட நேர்ந்த நாள். இவையன்றோ இன்று எழுதப்படவேண்டிய கதைகள்? வேலுப்பிள்ளை காம்பராவின் உரிமையைக் கேட்டார். ஜோசப் காம்பராவின் இரவைக் காட்டினார். காம்பராவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை எழுதப்போகிறவர் யார்?

விமரிசகர்க்கும் இதில் கடமை உண்டு. நாம் அந்தக் கட்டுரைகளைத் திருத்தியபோது கிணறும் மாமரமும் பூத்த கட்டுரைகளுக்கே நிறையப் புள்ளி வழங்கினோம். அவற்றின் நடை பிழையின்றி இருந்தது. அம்மாணவியின் கட்டுரையில் சந்திப்பிழை ஆறு இருந்தன. ஆகவே புள்ளியைக் குறைத்தோம். அன்று மாலை வீடு திரும்பிய பின்னரே செய்ததன் பொருள் நமக்கு உறைத்தது. மறுநாள் கொப்பியை வாங்கிப் புள்ளியைத் திருத்தினோம். அவள் கேட்டுக்கொண்டபடி அதை வகுப்பில் வாசிக்கவில்லை. அதனைத் தலைநிமிர்ந்து தானே வாசிக்கும் நாள் அவளுக்கு வர வேண்டும். அதற்குச் சந்திப்பிழை நீங்கினால் மட்டும் போதாது. அவள் குடும்பத்தின் பெயரில் ஓர் உறுதியும், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவும் வேண்டும்.